செருகுநிரலும் உரிம எல்லையும்: லினக்ஸ் மேசைக்கணினியில் தொடக்கநிலைப் பயனர் (1996 – 2021)

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் மேசைக்கணினியில் உலாவிக்குரிய செருகுநிரல்களை நிறுவுவது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடக்கநிலைப் பயனர்க்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. இச்சிக்கல் லினக்சின் தொழில்நுட்பக் குறைபாடாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. மென்பொருளை மறுவழங்கல் செய்யும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே அச்சிக்கலின் அளவைத் தீர்மானித்தது என்பதை, ஜாவா, ஃபிளாஷ் ஆகியவற்றின் நிறுவல் முறைகள் காலந்தோறும் மாறிவந்தமையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செருகுநிரல், லினக்ஸ், கட்டற்ற மென்பொருள், உரிமம், ஃபிளாஷ், ஜாவா, நீட்சி, இயங்கெழுத்துரு.

முன்னுரை

2005ஆம் ஆண்டளவில் உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல் ஒன்றை முதன்முதலாகத் தம் கணினியில் நிறுவிய ஒருவர்க்குப் பெரும்பாலான பணிகள் எளிதாகவே முடிந்தன. ஒரு குறுவட்டைச் செருகிச் சில வினாக்களுக்கு விடையளித்தால் இயங்குதளம் நிறுவப்பட்டுவிடும். எழுதுவதற்கும் கணக்கிடுவதற்கும் உரிய ஓப்பன் ஆஃபீஸ் உடன்வந்தது. ஃபயர்பாக்ஸ் உலாவியும் தயாராக இருந்தது. ஆயின் நிகழ்படமோ அசைவூட்டமோ உள்ள பக்கத்தைத் திறந்தவுடன், படம் இருக்கவேண்டிய இடத்தில் புதிர்த்துண்டு போன்ற ஒரு குறிப்படமே தோன்றியது. மேலே மஞ்சள் பட்டையொன்று கூடுதல் செருகுநிரல்கள் தேவை என அறிவித்து, அவற்றை நிறுவுவதற்கான பொத்தானையும் காட்டியது. அப்பொத்தானை அழுத்தியவர் பல வேளைகளில் 'கைம்முறையாக நிறுவுக' என்னும் அறிவுரையையே பெற்றார்.

அந்தக் கைம்முறை நிறுவலில்தான் தொடக்கநிலைப் பயனர் முனையம், கட்டளை, கோப்பகப் பாதை, நிர்வாகி உரிமை ஆகியவற்றை முதன்முதலாக எதிர்கொண்டார். விண்டோசில் இரண்டு மூன்று சொடுக்குகளில் முடியும் செயலுக்கு இங்கு அரைநாள் ஆயிற்று. 'லினக்ஸ் கடினமானது' என்னும் பொதுக்கருத்து வலுப்பெற்றதில் இவ்வனுபவத்திற்குக் கணிசமான பங்குண்டு. அதே இயங்குதளத்தில் பல்லாயிரம் பிற மென்பொருள்களைப் பொதி மேலாளரின் துணையுடன் ஒரே சொடுக்கில் நிறுவ முடிந்தது என்பதை அக்கருத்து கணக்கில் கொள்வதில்லை. நிறுவும் கலையில் விண்டோசை விஞ்சியிருந்த ஓர் இயங்குதளம் செருகுநிரல் என வரும்போது மட்டும் தடுமாறியது ஏன் என்பதே இங்கு எழும் வினா.

செருகுநிரல் தோன்றிய சூழல்

1996இல் வெளியான நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0, அயல் நிரல்கள் உலாவிக்குள் நுழைந்து இயங்குவதற்குரிய இடைமுகத்தை அறிமுகப்படுத்தியது. என்பிஏபிஐ எனப் பின்னாளில் அறியப்பட்ட இவ்விடைமுகத்தின் கருத்து எளிமையானது. உலாவிக்குத் தெரியாத வகைக் கோப்பு ஒன்று பக்கத்தில் வருமாயின், அவ்வகையைக் கையாளத் தெரிந்த செருகுநிரலிடம் திரையின் ஒரு பகுதியை உலாவி ஒப்படைத்துவிடும். அப்பகுதிக்குள் நிகழ்வன அனைத்தும் செருகுநிரலின் பொறுப்பு.

இந்த ஒப்படைப்பின் விளைவு தொலைநோக்குடன் எண்ணப்பட்டதாகத் தெரியவில்லை. செருகுநிரல் என்பது ஒரு குறிப்பிட்ட இயங்குதளத்திற்கும் செயலிக்கும் என்று மொழிமாற்றப்பட்ட இருமக் கோப்பு. வலைப்பக்கம் எந்தக் கணினியிலும் ஒன்றுபோலத் தெரியவேண்டும் என்பது வலையின் அடிப்படை நோக்கம். செருகுநிரல் தேவைப்படும் பக்கமோ, அச்செருகுநிரலை ஆக்கிய நிறுவனம் எந்த இயங்குதளத்தைப் பொருட்படுத்தியதோ அதில் மட்டுமே தெரியும். மேக்ரோமீடியாவின் ஃபிளாஷும் சன் மைக்ரோசிஸ்டம்சின் ஜாவாவும் லினக்சைப் பொருட்படுத்தின. ஆனால் லினக்ஸ் உலகம் மென்பொருளைக் கையாளும் முறையோடு அவற்றின் உரிமங்கள் பொருந்தவில்லை.

அம்முறையைச் சற்று விளக்குதல் தகும். விண்டோஸ் பயனர் மென்பொருளை ஆக்கியவரிடமிருந்து நேரடியாகப் பெறுகிறார். லினக்ஸ் பயனர் தம் வழங்கலின் களஞ்சியத்திலிருந்து பெறுகிறார். வழங்கலைப் பேணுவோர் ஒவ்வொரு மென்பொருளின் மூலநிரலையும் எடுத்து, தம் இயங்குதளத்திற்கேற்ப மொழிமாற்றிப் பொதியாக்கி, பிற பொதிகளோடு முரணாதவாறு சோதித்துக் களஞ்சியத்தில் வைக்கின்றனர். பயனரின் எளிமை இவ்விடைநிலை உழைப்பால் விளைவது. இதற்கு இரண்டு உரிமைகள் இன்றியமையாதன: மூலநிரலைப் பெறும் உரிமை, மாற்றியதை மறுவழங்கல் செய்யும் உரிமை. 1997 சூலையில் டெபியன் திட்டம் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தமும் கட்டற்ற மென்பொருள் நெறிமுறைகளும் இவ்வுரிமைகளை எழுத்தில் வரையறுத்தன. அவற்றுக்கு உட்படாதவை முதன்மைக் களஞ்சியத்துக்கு வெளியே 'நான்-ஃப்ரீ', 'கான்ட்ரிப்' என்னும் பகுதிகளில் ஒதுக்கப்பட்டன. மறுவழங்கலையே தடைசெய்யும் மென்பொருளுக்கு அவ்வொதுக்கிடத்திலும் இடமில்லை.

கோப்பும் தொடுப்பும்: ஜாவா

ஜாவாவை நிறுவிய முறை இவ்வரலாற்றின் மிகச் செறிவான பகுதி. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் சன் நிறுவனம் லினக்சுக்கான ஜாவாவைத் தானே விரிந்துகொள்ளும் ஒற்றைக் கோப்பாக வழங்கியது. பதிவிறக்கிய கோப்பை இருமுறை சொடுக்கினால் எதுவும் நிகழாது. அதற்கு இயங்கும் அனுமதியை ஒரு கட்டளையால் அளிக்க வேண்டும். பின்னர் முனையத்தில் அதனை இயக்கினால் நீண்ட உரிம உரை திரை திரையாக ஓடும். இறுதியில் ஒப்புதல் கேட்கப்படும். 'யெஸ்' எனத் தட்டச்சிட்டால்தான் கோப்புகள் விரியும். தொடக்கநிலைப் பயனர் லினக்ஸ் முனையத்தில் இட்ட முதற்சொற்களுள் ஒன்று ஓர் உரிமத்துக்கான ஒப்புதலாக இருந்தமை கருதத்தக்கது.

இதன்பின்னும் உலாவி ஜாவாவை அறியாது. செருகுநிரற் கோப்பை உலாவியின் செருகுநிரற் கோப்பகத்தோடு இணைக்க வேண்டும். அக்கோப்பகம் பயனரின் இல்லக் கோப்பகத்தினுள் புள்ளியில் தொடங்கும் பெயருடைய 'மொசில்லா' கோப்பகத்தில் இருந்தது. புள்ளியில் தொடங்கும் பெயர்கள் யூனிக்ஸ் மரபில் மறைக்கப்படுபவை. ஆதலின் கோப்பு மேலாளரில் தேடியவர்க்கு அது தென்படவே இல்லை. கண்டறிந்தவர் இயல்பாகச் செய்யக்கூடியது கோப்பை நகலெடுத்து ஒட்டுவது. ஃபிளாஷுக்கு அது போதுமானதாக இருந்தது. ஜாவாவுக்கோ நகல் பயன்படாது. குறியீட்டுத் தொடுப்பே வேண்டும். தொடுப்பைப் பின்பற்றிச் சென்று, தான் உண்மையில் இருக்கும் இடத்தை அறிந்து, அங்கிருந்தே ஜாவாவின் ஏனைய கூறுகளை அச்செருகுநிரல் தேடியது. நகலெடுத்தவரின் உலாவி செயலிழந்து மூடியது. பிழை எதுவெனச் சொல்லும் செய்தி திரையில் வரவில்லை.

தொடுப்பைச் சரியாக அமைத்தவர்க்கும் மற்றொரு இடர் காத்திருந்தது. ஜாவா 1.4.2 பதிப்பில் ஒரே பெயருடைய செருகுநிரற் கோப்பு இரண்டு கோப்பகங்களில் இருந்தது. ஒன்று ஜிசிசி மொழிமாற்றியின் பழைய பதிப்பால் ஆக்கப்பட்ட உலாவிகளுக்குரியது. மற்றது ஜிசிசி 3.2ஆல் ஆக்கப்பட்டவற்றிற்குரியது. 2002இல் வெளியான ஜிசிசி 3.2, சி++ நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் இருமநிலை மரபை மாற்றியிருந்ததே காரணம். தம் உலாவி எந்த மொழிமாற்றியால் ஆக்கப்பட்டது என்பது வலைப்பக்கம் பார்க்க விரும்பிய ஒருவர் அறிந்திருக்கவேண்டிய செய்தியன்று. கட்டற்ற மென்பொருளாயின் வழங்கலைப் பேணுவோரே அனைத்தையும் ஒரே மொழிமாற்றியால் மீளாக்கம் செய்திருப்பர். பயனர்க்கு அம்மாற்றம் நிகழ்ந்ததே தெரிந்திராது. இருமக் கோப்பு மட்டுமே கிடைத்ததால் பேணுவோரின் அறியவேண்டுகை பயனரின் தலையில் இறங்கியது.

இத்தொல்லை தொழில்நுட்பத்தால் விளைந்ததன்று என்பதற்கு அடுத்து நிகழ்ந்ததே சான்று. 2006 மே மாதத்தில் சன் நிறுவனம் லினக்ஸ் வழங்குநர்களுக்கென ஒரு தனி உரிமத்தை வெளியிட்டது. ஜாவாவின் மூலநிரல் அப்போதும் கட்டற்றதாக இல்லை. வழங்கல்கள் அதைப் பொதியாக்கி மறுவழங்கல் செய்யலாம் என்னும் அனுமதி மட்டுமே கிடைத்தது. விளைவு உடனடியானது. டெபியனின் கட்டற்றதல்லாத பகுதியிலும் உபுண்டுவின் களஞ்சியத்திலும் ஜாவாச் செருகுநிரற் பொதி இடம்பெற்றது. இயங்கும் அனுமதி, மறைகோப்பகம், தொடுப்பு, மொழிமாற்றிப் பதிப்பு ஆகிய நான்கையும் அப்பொதி தானே பார்த்துக்கொண்டது. உரிமத்துக்கு ஒப்புதல் கேட்கும் பெட்டி மட்டும் எஞ்சியது. செருகுநிரலின் கட்டமைப்பில் பெரிய மாற்றம் ஏதும் நிகழவில்லை, மாறியது உரிமமே. ஜாவாவைக் கையகப்படுத்திய ஆரக்கிள் நிறுவனம் 2011 ஆகஸ்டில் அவ்வுரிமத்தை விலக்கிக்கொண்டதும் பொதிகள் களஞ்சியங்களிலிருந்து நீங்கின. ஆரக்கிளின் பதிப்பையே வேண்டியவர் மீண்டும் கைம்முறைக்குத் திரும்பினர். 2006 நவம்பரில் சன் அறிவித்த கட்டற்ற வெளியீட்டிலிருந்து வளர்ந்த ஓப்பன்ஜேடிகேயும் அதனோடு இயங்கிய ஐஸ்ட்டீச் செருகுநிரலும் அதற்குள் முதிர்ந்திருந்தமையால் பலர்க்கு அத்திரும்பல் தேவைப்படவில்லை.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 2004இல் எழுதிய 'ஜாவாப் பொறி' பற்றிய கட்டுரை, கட்டற்றதல்லாத தளத்தைச் சார்ந்து எழுதப்படும் கட்டற்ற நிரல் தன் கட்டின்மையை இழக்கிறது என வாதிட்டது. அவ்வாதம் நிரலாளரை நோக்கியது. அந்த எல்லைக்கோட்டைத் தம் கைகளால் கடக்க நேர்ந்த தொடக்கநிலைப் பயனர் அவ்விவாதத்தில் இடம்பெறவில்லை.

உள்ளீடற்ற பொதி: ஃபிளாஷ்

ஃபிளாஷின் உரிமமும் இசைவின்றி மறுவழங்கல் செய்வதைத் தடுத்தது. நிறுவனம் வழங்கிய சுருக்கக் கோப்பினுள் நிறுவல் நிரலொன்று இருந்தது. உலாவி நிறுவப்பட்டுள்ள கோப்பகத்தின் பாதை யாது என அது வினவியது. தொடக்கநிலைப் பயனர்க்கு விடை தெரியாத வினா அதுவே.

டெபியன், உபுண்டு ஆகியவற்றின் பேணுநர்கள் இதற்குக் கண்ட வழி நுட்பமானது. ஃபிளாஷ் இல்லாத ஃபிளாஷ் பொதி ஒன்றை அவர்கள் ஆக்கினர். அப்பொதியில் இருந்தது ஒரு சிறு கட்டளைத் தொகுப்பு மட்டுமே. நிறுவப்படும்போது அது நிறுவனத்தின் வழங்கியைத் தொடர்புகொண்டு, மூலக் கோப்பைப் பயனரின் பெயரால் பதிவிறக்கி, உரிய கோப்பகத்தில் வைக்கும். வழங்கல் எதையும் மறுவழங்கல் செய்யவில்லை, பயனரே பெற்றுக்கொண்டார். சட்டத்தின் எழுத்தும் காக்கப்பட்டது. பயனரின் நேரமும் காக்கப்பட்டது. பதிவிறங்கிய கோப்பு மாறாததா என அறிய அதன் சரிபார்ப்பெண்ணைப் பொதி ஒப்பிட்டது. நிறுவனம் அதே முகவரியில் புதிய பதிப்பை வைத்த நாளில் எண் பொருந்தாமல் நிறுவல் முறிந்தது. பொதி திருத்தப்படும்வரை தொடக்கநிலைப் பயனர் கண்டது ஒரு பிழைச்செய்தியே. இவ்வேற்பாட்டைப் பொறியியற் குறைபாடாகக் காண்பதினும் உரிமத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட படிக்கட்டாகக் காண்பதே பொருத்தம்.

பதிப்புகளின் கால இடைவெளி பிறிதொரு சிக்கல். ஃபிளாஷ் 7க்குப் பின் எட்டாம் பதிப்பு லினக்சுக்கு வெளியிடப்படவே இல்லை. ஒன்பதாம் பதிப்பு 2007 சனவரியில்தான் வந்தது. இணையத்தில் நிகழ்படம் பெருகிய ஆண்டுகள் அவையே. எட்டாம் பதிப்பைக் கோரிய தளங்களில் லினக்ஸ் பயனர் எதை நிறுவினாலும் பயனில்லை. அதனை அறியாது செருகுநிரலை நீக்குவதும் மீண்டும் நிறுவுவதுமாக இருந்த தொடக்கநிலைப் பயனர் தம் பிழையைத் தேடினார். பிழை அவரிடம் இல்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ஆதரவுடன் 2005 இறுதியில் அறிவிக்கப்பட்ட நாஷ், ஃபிளாஷுக்கு மாற்றாக எழத் தொடங்கியது இச்சூழலில்தான். ஆயின் அது ஃபிளாஷின் புதிய பதிப்புகளின் வேகத்தை எட்டவில்லை.

அயல்நாட்டுச் சட்டமும் உள்ளூர்க் கணினியும்

ஒலி, நிகழ்படக் குறிவிலக்கிகள் பதிப்புரிமையால் அன்றிக் காப்புரிமையால் தடைப்பட்டன. எம்பி3 கோப்பை இயக்கும் நிரல்கள் கட்டற்றவையாகவே கிடைத்தன. எனினும் அமெரிக்க நிறுவனமாகிய ரெட் ஹேட்டின் ஆதரவில் வளர்ந்த ஃபெடோரா, அந்நாட்டுக் காப்புரிமைகளைக் கருதி அவற்றைத் தன் களஞ்சியத்தில் சேர்க்கவில்லை. பயனர்கள் லிவ்னா போன்ற மூன்றாந்தரப்புக் களஞ்சியங்களைத் தாமே இணைத்துக்கொண்டனர். 2008இல் லிவ்னா உள்ளிட்ட சில களஞ்சியங்கள் ஆர்பிஎம் ஃபியூஷன் என ஒன்றிணைந்தன.

இந்தியப் பயனர்க்கு இதில் ஒரு முரண் உண்டு. 2002இல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலைத் தன்னளவில் காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்பாகக் கொள்வதில்லை. இருப்பினும் சென்னையிலோ மதுரையிலோ ஃபெடோராவை நிறுவியவரும் அமெரிக்கப் பயனர் பெற்ற அதே ஊமைக் கணினியைத்தான் பெற்றார். ஒரு நாட்டின் சட்டம் வட்டில் ஏறி உலகெங்கும் சென்றது. 2006இல் தோன்றிய லினக்ஸ் மின்ட், குறிவிலக்கிகளையும் ஃபிளாஷையும் முன்னரே நிறுவி வழங்கித் தொடக்கநிலைப் பயனரிடையே புகழ்பெற்றமைக்கு இப்பின்னணியே முதன்மைக் காரணம் எனலாம்.

நீட்சி என்னும் ஒப்பீடு: தமிழ்ப் பக்கங்கள்

செருகுநிரலோடு அடிக்கடி குழப்பப்படும் மற்றொன்று நீட்சி. ஃபயர்பாக்சின் நீட்சி, ஜாவாஸ்கிரிப்ட் முதலிய எழுத்துவடிவ நிரல்களால் ஆனது, மொழிமாற்றம் வேண்டாதது. ஒரே கோப்பு விண்டோசிலும் லினக்சிலும் இயங்கும். ஒரு சொடுக்கு, ஒரு மறுதொடக்கம், நிறுவல் முடிந்தது.

இவ்வேறுபாட்டைத் தமிழ் வாசகர் நேரடியாக உணர்ந்த தருணம் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் இதழ்கள் பலவற்றின் தளங்கள் தத்தமக்கெனத் தனிக் குறியேற்றமுடைய எழுத்துருக்களைக் கொண்டிருந்தன. வாசகர் எழுத்துருவைத் தனியே பதிவிறக்கத் தேவையில்லாதவாறு அவை மைக்ரோசாஃப்டின் இயங்கெழுத்துரு நுட்பத்தைக் கையாண்டன. அந்நுட்பம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கியது. லினக்சில் ஃபயர்பாக்சைத் திறந்த தமிழ் வாசகர் கண்டது பொருளற்ற இலத்தீன் குறிகளின் நிரலே. இதனைத் தீர்த்தது செருகுநிரலன்று. பத்மா என்னும் நீட்சி. அது தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் பல எழுத்துருக் குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டியது. எந்த நிறுவனத்தின் இசைவும் அதற்குத் தேவைப்படவில்லை. அதே ஆண்டுகளில், அதே உலாவியில், அதே தொடக்கநிலைப் பயனர் பத்மாவை நொடியில் நிறுவினார். ஜாவாவுக்கு அரைநாள் செலவிட்டார். பழைய வகை நீட்சிகளுக்கான ஆதரவை ஃபயர்பாக்ஸ் 57 பதிப்பு 2017 நவம்பரில் கைவிட்டது. அதற்குள் தமிழ்த் தளங்கள் பெரும்பாலும் ஒருங்குறிக்கு மாறியிருந்தன.

முப்பத்திரண்டும் அறுபத்துநான்கும்

2003இல் ஏஎம்டி நிறுவனத்தின் 64 பிட் செயலிகள் வந்தவுடன் லினக்ஸ் வழங்கல்கள் விரைந்து மாறின. மூலநிரல் கையில் இருந்ததால் மீளாக்கமே போதுமானதாயிற்று. ஆயின் 64 பிட் உலாவி 32 பிட் செருகுநிரலை ஏற்றாது. விண்டோஸ் பயனர் பெரும்பாலும் 32 பிட் உலாவியையே தொடர்ந்து பயன்படுத்தியதால் இவ்விடரை அறியவில்லை. மூலநிரல் இருந்தவை எல்லாம் முன்னேற, இல்லாதவை பின்தங்கின. முன்னேறியவர்க்கே தண்டனை கிடைத்தது. என்எஸ்பிளகின்ராப்பர் என்னும் இடைநிரல் 32 பிட் செருகுநிரலைத் தனிச் செயலாக்கத்தில் இயக்கி உலாவியோடு பேசவைத்தது. இதில் எதிர்பாராத நன்மையும் விளைந்தது: செருகுநிரல் செயலிழந்தாலும் உலாவி பிழைத்தது. 2010இல் ஃபயர்பாக்ஸ் 3.6.4 செருகுநிரல்களைத் தனிச் செயலாக்கத்தில் இயக்கத் தொடங்குவதற்கு முன்னரே லினக்ஸ் பயனர் சிலர் அந்நன்மையை நுகர்ந்திருந்தனர்.

64 பிட் ஃபிளாஷின் சோதனைப் பதிப்பு 2008 நவம்பரில் லினக்சுக்கே முதலில் வெளிவந்தது. 2010 சூனில் நிறுத்தப்பட்டது. 2011 அக்டோபரில் பதினோராம் பதிப்பில் நிலைபெற்றது. நான்கு மாதம் கழித்து, 11.2க்குப் பின் புதிய பதிப்புகள் லினக்சில் குரோம் உலாவியோடு மட்டுமே வரும் என அடோபி அறிவித்தது.

செருகுநிரலின் முடிவு

அவ்வறிவிப்பு உள்ளீடற்ற பொதிக்குப் புதிய வடிவம் தந்தது. கட்டற்ற குரோமியம் உலாவியைப் பயன்படுத்திய டெபியன் பயனர்க்கென ஆக்கப்பட்ட பொதி, குரோம் உலாவியை முழுதாகப் பதிவிறக்கி, அதனுள்ளிருந்து ஃபிளாஷ் கோப்பை மட்டும் பிரித்தெடுத்து, எஞ்சியதை எறிந்தது. ஃபயர்பாக்ஸ் பயனர்க்கு 11.2ஆம் பதிப்பே பாதுகாப்புத் திருத்தங்களுடன் தொடர்ந்தது. 2016 இறுதியில் அடோபி தன் முடிவை மாற்றி 24ஆம் பதிப்பை வெளியிட்டபோது பலர்க்கு அது தேவையற்றதாகியிருந்தது. 2014 அக்டோபரில் எச்டிஎம்எல்5 பரிந்துரையாக நிறைவுற்றது. 2015 சனவரியில் யூடியூப் எச்டிஎம்எல்5 இயக்கியை இயல்புநிலையாக்கியது. குரோம் லினக்சில் 2014இலேயே பழைய இடைமுகத்தைக் கைவிட்டது. 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 52, ஃபிளாஷ் நீங்கலாக ஏனைய செருகுநிரல்களை விலக்கியது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 திசம்பர் 31 அன்று முடிவுற, 2021 சனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 85 அதன் கடைசிச் சுவட்டையும் நீக்கியது.

செருகுநிரல் மறைந்ததோடு உரிம எல்லையும் மறைந்ததாகக் கொள்வதற்கில்லை. கட்டண நிகழ்படத் தளங்கள் கோரும் மறைவிலக்குக் கூறுகள் இன்றும் மூலநிரலற்ற இருமக் கோப்புகளே. வலைக் கூட்டமைப்பு இக்கூறுகளுக்கான இடைமுகத்தை 2017 செப்டம்பரில் பரிந்துரையாக ஏற்றபோது, மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை எதிர்ப்புத் தெரிவித்து அமைப்பிலிருந்து விலகியது. லினக்சில் ஃபயர்பாக்ஸ் 2016 செப்டம்பர் முதல் கூகுளின் வைட்வைன் கூற்றை ஏற்கிறது. கட்டளை இல்லை, பாதை இல்லை, தொடுப்பு இல்லை. பட்டையில் தோன்றும் பொத்தானைத் தொடக்கநிலைப் பயனர் அழுத்துகிறார், படம் ஓடுகிறது. பதிவிறங்கிய கோப்பு, பல நிறுவல்களில், இல்லக் கோப்பகத்தினுள் புள்ளியில் தொடங்கும் பெயருடைய அதே 'மொசில்லா' கோப்பகத்தில் சென்று அமர்கிறது. அதைத் தேடிச் செல்லவேண்டிய தேவை இப்போது எவர்க்கும் இல்லை.